செபஸ்தியார் சேவலும் சட்டத்தின் முதல் அத்தியாயமும்

தாடிக்கொம்பு ரோடு,
திண்டுக்கல்.
வியாழக்கிழமை.

அன்பு நிறைந்த, அறிவும் ஓரளவு நிறைந்த மருமகன், வழக்கறிஞர் பிராங்கிளினுக்கு, தாய்மாமன் அந்தோணிமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அத்தை வியாகுலம்மாளும் சுகம். சேவல் சுகமா என்பதுதான் தெரியவில்லை. அதை ஒட்டித்தான் இந்தக் கடிதம். போனில் அனுப்பியிருக்கலாம், வழியில் யார் யார் படிக்கிறார்களோ, யார் கண்டது?

என் மகள் லிடியா தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பது உனக்குத் தெரியும். பிள்ளை தலை திரும்பாமல் கிடக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன அன்றே உன் அத்தை செபஸ்தியாருக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவிழாவில் அதைக் கோயிலில் ஒப்படைத்து ஊருக்கே சோறு போடும் அசனச் சமையலில் சேர்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் கூடு திறந்து கிடக்கிறது, சேவலைக் காணோம். அன்று பிடித்து உன் அத்தை ஒரு வாய் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. "நேந்தது கைய விட்டுப் போச்சே, எம்புள்ளைக்கு என்னாகுமோ" என்று அவள் அடுப்படியில் அழ, அதைக் கேட்டு லிடியா கட்டிலில் அழ, நான் நடுவில் நின்று இருவரையும் அதட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே அதட்டினாலும் ராத்திரியில் நானும் எழுந்துபோய்க் காலிக் கூட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். ரயிலில் டிக்கெட் பரிசோதகனாகவே காலத்தை ஓட்டியவன் நான். டிக்கெட் இல்லாதவன் முகம் பெட்டிக்குள் ஏறும்போதே தெரிந்துவிடும். அந்த முகம் இப்போது பக்கத்து வீட்டு சாகுல் ஹமீதுக்கு இருக்கிறது. தோல் வியாபாரி, எனக்கு நெடுநாள் சிநேகிதன், ஈகைத் திருநாளுக்கு முதல் சட்டி பிரியாணி நம் வீட்டுக்குத்தான் வரும், எல்லாம் சரி. ஆனால் செவ்வாய் காலையில் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏலே சாகுலு, சேவலப் பாத்தியா?" என்று கேட்டால், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு "எந்தச் சேவலுண்ணே?" என்கிறான். இந்தச் சந்துக்கே இருந்தது அந்த ஒரு சேவல்தானேய்யா! அதோடு விட்டதா? விளக்குமாறு எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவன், அன்றைக்குத் தன் பின்வாசலைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறான். அவன் பெண்சாதி ஜெய்தூன் பீவி என்னைக் கண்டதும் கதவைச் சாத்துகிறாள். மறுநாள் மூடிபோட்ட கூடையோடு தொப்பம்பட்டிக்குப் போய்வந்தான். இன்று அதே கூடையோடு கொடைரோட்டுக்குக் கிளம்பிவிட்டான். "எதுக்குப்பா?" என்றால், "சும்மாண்ணே." கூடை தூக்கிக்கொண்டு எவனாவது சும்மா போவானா?

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா மரியாதையாக நாற்காலி போட்டு, "பெரியவரே, பிடியாணை இல்லாம நாங்க ஆளப் பிடிக்கிற குத்தம் வேற, பிடியாணை இருந்தாத்தான் பிடிக்கிற குத்தம் வேற. ஒத்தச் சேவலு ரெண்டாவது ரகத்துல வரும். நீங்க மாஜிஸ்திரேட்டைத்தான் பாக்கணும்" என்றார். சரி, சட்டத்தையே பார்த்துவிடுவோம் என்று நீ அனுப்பிய ஜெராக்ஸை எடுத்தேன். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் முழுவதையும் கேட்டால், "மொதல்ல இதப் படிங்க மாமா, மீதிய அப்புறம் பாப்போம்" என்று முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாய். மீதியில் என்ன இருக்கிறது, ஏன் மறைக்கிறாய் என்பதை நேரில் விசாரிப்பேன். இருந்தாலும் கிடைத்த அத்தியாயமே போதும், ஆசாமி மாட்டிக்கொண்டான். முதல் பிரிவிலேயே, சில அத்தியாயங்கள் போக மற்றது நாகாலாந்தில் செல்லாது என்று போட்டிருக்கிறதா, இல்லையா? சாகுலின் மகன் சதாம் லாரியில் சரக்கேற்றிக்கொண்டு போன வருஷம் எங்கே போய்வந்தான்? நாகாலாந்து! கொடைரோட்டில் என்ன இருக்கிறது? ரயில் ஸ்டேஷன்! இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. சேவலோடு எல்லை தாண்டிவிட்டால் நீயும் நானும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இரண்டாம் பிரிவில் வரையறைகள். பாதிக்கப்பட்டவர் யார் என்றால், நஷ்டமோ காயமோ அடைந்தவர், அவருடைய பாதுகாவலரும் சேர்த்தி என்கிறது. சேவலை நேர்ந்தாயிற்று, ஆகவே அது செபஸ்தியாருக்குச் சொந்தம். அப்படியானால் பாதிக்கப்பட்டவர் செபஸ்தியார், நான் பாதுகாவலன். எழுதும்போது இதை விட்டுவிடாதே. புலன் விசாரணையைப் போலீசார் செய்யலாம், இல்லையென்றால் மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்தவர் செய்யலாம் என்றிருக்கிறது. அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று எனக்கு நானே அதிகாரம் கொடுத்துக்கொண்டு மொட்டைமாடியிலிருந்து கவனித்துவருகிறேன். ஆனால் ஒன்று கவனித்தாயா? ஜாமீனுக்கு வரையறை இருக்கிறது, புலன் விசாரணைக்கு இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மட்டும் இல்லை. மேலும் கீழும் தேடிவிட்டேன், கிடையாது. இதில் இல்லாத சொல்லுக்கு வேறு சட்டத்தைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி வேறு. முக்கியமான ஆளையே விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்றால், யாரோ யாரையோ காப்பாற்றுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆகையால் சனிக்கிழமை கறுப்புக் கோட்டோடு வந்து சேர். முறையீடு எழுத்திலும் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம் என்கிறது சட்டம். எழுத்துக்கு நீ, வாய்க்கு உன் அத்தை. உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அவள் கொடுத்துவிட்ட அதிரசத்தில் இரண்டு குறைகிறது. கொண்டுவந்தவனைக் கொஞ்சம் விசாரி. உடம்பெல்லாம் அம்பு வாங்கிய செபஸ்தியார் உங்கள் எல்லோரையும் எந்த அம்பும் படாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மாமன்,
அந்தோணிமுத்து

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது சாகுல் ஹமீது கூடையோடு உள்ளே வந்தான். கூடைக்குள் சேவல். "நாந்தாண்ணே புடிச்சுக்கிட்டுப் போனேன். புத்தி கெட்டுப்போச்சு, மன்னிச்சிருங்க" என்று உன் அத்தை முன்னால் தலையைத் தொங்கப்போட்டான். "நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று ஒரு ஏச்சு ஏசிவிட்டு, அவள் சேவலை வாரிக்கொண்டு லிடியாவிடம் ஓடினாள். நான் சேவலின் காலைப் பார்த்தேன். நம் சேவலுக்கு இடது காலில் ஒரு நகம் கிடையாது. இதற்கு எல்லாம் இருக்கிறது. வாசலில் அவனை மடக்கி, "இது எங்க சேவலு இல்லையே, எதுக்குலே நீ எடுத்தேன்னு சொன்ன?" என்றேன். "நாய் கொதறிப் போட்டிருச்சுண்ணே. விடியக்கால எங்க பின்வாசல்ல செத்துக் கெடந்துச்சு. நேர்ச்சைச் சேவலு, அதுவும் இந்த நேரத்துல. மதினி தாங்குவாகளா? அந்தப் புள்ள தாங்குமா? அதான் அதே சாடையில ஒண்ணு தேடி ஊர் ஊரா அலைஞ்சேன். களவாணின்னு பேரு வந்தா எனக்குத்தான, வந்துட்டுப் போகட்டும்" என்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், மாப்பிள்ளை. பிள்ளை பிறந்ததும் உன் அத்தையிடம் நானே உண்மையைச் சொல்லப்போகிறேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே, படித்ததும் இதைக் கிழித்துப் போடு. சனிக்கிழமை கோட்டோடு வராதே. ஞாயிற்றுக்கிழமை பசியோடு வா.

இதை எழுதும்போதே உன் அத்தை சேவலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். "என்னங்க, இது நம்ம சேவல்தானா? காலக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

பார்க்கவில்லை. "நம்ம சேவலேதான், எனக்குத் தெரியாதா?" என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.