போச்சா கம்பவுண்டரும் ஏலக்காய் மணந்த பசுவும்

தமிழ்நாட்டில் எதிரே வருகிறவரைப் பார்த்தால் எல்லாரும் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். "போச்சா?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் சின்னமனூர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்தான். கல்யாண வீடு, கோயில் வாசல், பஸ் ஸ்டாண்டு என்றெல்லாம் அவருக்கு வித்தியாசம் கிடையாது. பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு மாப்பிள்ளையிடமே கேட்டிருக்கிறார். பையன் பதறிப்போய், "ரெண்டு நாளா இல்லைங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். "பொண்ணை அப்புறமாக் காட்டுங்க, மொதல்ல இவருக்கு ரெண்டு வாழைப்பழம் குடுங்க" என்றாராம் பெண் வீட்டாரிடம். அந்தக் கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கே அவர் போச்சா கம்பவுண்டர்.

அவர் கொள்கை இதுதான்: மனுசனோ மாடோ, வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கூலியாட்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கிறார்கள். "நீ திங்கிறதா நெனச்சுக்கிட்டு இருக்க. திங்கிறது அவன். அவன் வேலை பாத்துக் குடுக்கிறதுலதான் நீ பொழைக்கிற" என்பார். இதைப் புத்தகத்தில் படித்தாரா, மாட்டுக்குப் பின்னால் நின்றே கண்டுபிடித்தாரா, யாருக்குத் தெரியும்! இப்போது டெலிவிஷனில் டாக்டர்கள் குடலுக்குள் இருக்கும் கிருமிகளைப் பற்றிப் புதுச் சேதியாகப் பேசும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நாங்கள் இதை டீக்கடை பெஞ்சிலேயே கேட்டு முடித்துவிட்டோம்.

பித்தநீர் மீது அவருக்குத் தனி பக்தி. "அது வயித்துக்குள்ள இருக்க சோப்பு" என்பார். ஏலக்காய் முதலாளி ஒருத்தர், கனத்த சரீரம், சர்க்கரை வியாதி வேறு, நம்ப மாட்டேன் என்றார். மறுநாள் காலை கறிக்கடையிலிருந்து ஒரு ஆட்டுப் பித்தப்பையோடு கம்பவுண்டர் டீக்கடைக்கு வந்துவிட்டார். ஒரு கிளாசில் தண்ணீர், அதன்மேல் கடலெண்ணெய். எண்ணெய் மேலேயே மிதந்தது. பச்சைப் பித்தத்தைப் பிழிந்துவிட்டு டீக்கடைக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினார். எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலங்கிப் போனது.

"பாத்தீகளா மொதலாளி? காலையில நெய்த் தோசை, மத்தியானம் நெய்ச்சோறு, ராத்திரிக்குப் பொரோட்டா. இந்தச் சோப்பு எத்தனை துணியைத்தான் தொவைக்கும்?"

"அதுக்கு என்னைய என்ன செய்யச் சொல்ற?"

"உள்ள இருக்க ஆளுகளுக்குக் கொஞ்சம் வைக்கலும் போடுங்கன்றேன். கேப்பை, கீரை, கொள்ளு."

டீக்கடைக்காரர் அந்தக் கிளாசையும் கரண்டியையும் சேர்த்தே வாய்க்காலில் எறிந்தார். ஆனால் முதலாளி கேப்பைக் களிக்கு மாறினார். ஆறே மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று பெல்ட் வாங்கினார்.

இவ்வளவு நல்ல மனுசனிடம் ஒரு கெட்ட குணம். வாயில் ரகசியம் தங்காது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கூச்சப்பட்டு, ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுத் தன் வயிற்றுப் பூச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கொடியேற்றத்தன்று அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் நம்மாள், "பூச்சி விழுந்துச்சா சார்?" என்று விசாரித்தார். அதிலிருந்து ஊரில் யாருக்கு வயிற்றுவலி வந்தாலும் அவர் வரும் தெருவை விட்டு அடுத்த தெருவில்தான் நடப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவரிடம் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் கெங்குவார்பட்டி. பெயர் சரோஜா. சீரோடு, சாம்பல் பூத்த வெள்ளை நிறத்தில் ஒரு மயிலைப் பசுவும் கன்றும் வந்தன. மாமனார் காடும் மாடுமாக வாழ்கிற, அதிகம் பேசாத சம்சாரி. லாரியிலிருந்து மாட்டை இறக்கிக் கட்டிவிட்டு என்னிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "மாட்டை நல்லாப் பாத்துக்கிட்டீகன்னா, மகளையும் நல்லாப் பாத்துக்கிருவீகன்னு நான் தெரிஞ்சுக்கிருவேன்."

நானோ ஆபீசில் பேனா பிடிக்கிற ஆள். மாட்டின் முன்பக்கம் முட்டும், பின்பக்கம் உதைக்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மயிலை என்னைக் கண்டாலே சீறும். சரோஜா குரல் கேட்டால் மட்டும் காதை ஆட்டும். புது மாப்பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்! பொண்டாட்டி மனசில் இடம் பிடிக்க வேண்டுமானால் முதலில் மாட்டின் மனசில் இடம் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் மாதம் எங்கள் வீட்டில் உறவுக்காரர்களுக்கு விருந்து வைத்தோம். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அண்டாவில் அரிசிப் பாயாசம் கால்வாசி மிஞ்சியிருந்தது. சரோஜா உள்ளே பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று வாளியில் ஊற்றிக் கொண்டுபோய் மயிலை முன்னால் வைத்தேன். அது என்னைப் பார்த்துச் சீறவில்லை. உறிஞ்சிக் குடித்துவிட்டு என் கையை வேறு நக்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, போங்கள்.

மறுநாள் காலை மாடு எழுந்திருக்கவில்லை. இடது வயிறு உப்பி, கண் செருகி, அசைபோடாமல் கிடந்தது. சரோஜா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்க அய்யா மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்" என்று அழுதாள். மாடு செத்தால் மாமனாரின் தீர்ப்பு என்னவென்று எனக்குத் தெரியும். அதைவிட, சரோஜாவுக்கு உண்மை தெரிந்தால்?

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் மலைக்குக் கேம்ப் போயிருந்தார். கம்பவுண்டர்தான் வந்தார். வந்ததும் மாட்டின் இடது விலாவில் காதை வைத்துக் கேட்டார். பிறகு வாயைத் திறந்து உள்ளே மூக்கை நுழைத்தார். "ஆத்தா, கொஞ்சம் வெந்நி வச்சுக் கொண்டா" என்று சரோஜாவை உள்ளே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏப்பா கிளார்க்கு, மாட்டு வாயில ஏலக்கா மணக்குது. மேகமலை ஏலத் தோட்டத்துக்கா மேயப் போச்சு?"

நான் அவர் காலில் விழாத குறைதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி! புல்லு திங்கிற ஆளுகளுக்குச் சோத்தையும் வெல்லத்தையும் ஊத்துனா என்ன செய்வான்? உள்ளேயே சாராய ஊறல் போட்டுட்டான். எல்லாம் புளிச்சுப்போயி, இப்ப வேலையாளுக அம்புட்டுப் பேரும் செத்துக் கெடக்கான். ஓடு, ஆப்பச்சோடா ரெண்டு பொட்டணம் வாங்கியா."

வாங்கி வந்தேன். நான் வந்தபோது சரோஜா மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். கம்பவுண்டர் ஏனோ என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது பத்தாது. இன்னும் ரெண்டு வாங்கியா" என்று திரும்பவும் விரட்டினார்.

சோடாவைக் கரைத்து மூங்கில் குழாயில் புகட்டியாயிற்று. அடுத்து உள்ளே புது வேலையாள் இறக்க வேண்டும் என்றார். அதாவது நல்ல மாடு ஒன்று அசைபோடும்போது அதன் வாயிலிருந்து அசையைப் பிடுங்கி இதன் வாயில் போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவிடம் நல்ல செவலைப் பசு இருந்தது. பேச்சியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அசையைக் குடுத்துட்டா எம் மாட்டுக்குப் பாலு வத்திப் போகும். ஒரு வாய்கூடத் தர மாட்டேன்."

"இனாமாவா கேக்குறேன்? இது எந்திரிச்சதும் திருப்பித் தந்திர்றேன் ஆத்தா" என்றார் கம்பவுண்டர்.

"நெசமாவா?"

"என் சர்க்கார் உத்தியோகத்து மேல சத்தியம்."

பேச்சியம்மா இறங்கி வந்தாள். கம்பவுண்டர் செவலைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் தொண்டையையே பார்த்தார். தொண்டையில் உருண்டை ஏறி வாய்க்கு வந்ததோ இல்லையோ, கை முழங்கை வரை உள்ளே போய்ப் பச்சைக் கவளத்தோடு வெளியே வந்தது. செவலை வெறும் வாயை நாலு தடவை மென்று பார்த்துவிட்டுத் திகைத்து நின்றது. இப்படி ஏழெட்டுக் கவளம் பிடுங்கி, மயிலையின் தொண்டையில் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

வேலி ஓரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மாட்டுக்கு என்னத்தக் குடுத்தாக?" என்று பேச்சியம்மா கேட்டாள். ரகசியம் தங்காத வாயாயிற்றே, தொலைந்தேன் என்று நினைத்தேன். கம்பவுண்டர் எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, கட்டுத்தறி பக்கம் குனிந்து என்னவோ செய்தார். நிமிர்ந்தபோது கையில் அறுந்த கயிறு.

"யாரும் குடுக்கல. இந்தா பாருங்க, கயித்த அத்துக்கிட்டுப் போயி அண்டாவுல வாயை வச்சிருக்கு. இவுக ரெண்டு பேரும் என்ன செய்வாக, பாவம்."

கையிலிருந்த பேனாக்கத்தியை அவர் மடக்கி டவுசர் பைக்குள் போட்டதை நான் ஒருத்தன்தான் பார்த்தேன்.

சாயங்காலம் வரை மாட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரம் விலாவில் காதை வைத்தவர் எங்களைக் கை காட்டிக் கூப்பிட்டார். நான் ஒரு காதை வைத்தேன், எனக்கு எதிரே சரோஜா ஒரு காதை வைத்தாள். உள்ளே தூரத்து இடி மாதிரி ஒரு உருட்டல். "கேக்குதாங்க?" என்றாள். "கேக்குது" என்றேன். மயிலை தலையைத் தூக்கி மெல்ல அசைபோட ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கும்பிட்டேன். "இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலாம் நாள் வந்து மயிலையின் வாயிலிருந்து ஒரு கவளத்தைப் பிடுங்கிச் செவலையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். சேதி கேட்டு மாமனார் வந்தார். அவர் கொண்டுவந்தது ரெண்டு புதுக் கயிறு. "கயிறு மட்டமா இருந்தா மாப்பிள என்ன செய்வாரு" என்றார்.

அடுத்த வருசமே கம்பவுண்டருக்கு மாற்றல் வந்து ஊரைவிட்டுப் போனார். வெகு காலம் கழித்து அவர் இறந்துபோன சேதி வந்தது, அதுவும் காரியமெல்லாம் முடிந்த பிறகு. எனக்குத் தாங்க முடியவில்லை. சரோஜாவிடம் சொன்னேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க. அன்னைக்கு மயிலைக்குச் சோறு வச்சது நாந்தான். மிஞ்சுன சோத்தை ஒரு குண்டான் நெறையா வச்சேன். நீங்க சோடா வாங்கப் போனப்ப அவுககிட்டச் சொல்லி அழுதேன். உங்களுக்குத் தெரிஞ்சா என்னைய அய்யா வீட்டுக்கு அனுப்பிருவீகன்னு பயம்."

"பாயாசம் நான் ஊத்துனது" என்றேன்.

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். வந்த தண்ணீர் பிறகு நிற்கவில்லை. சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுசனுக்கு நாம ஒரு நாள்கூட எலை போட்டுச் சோறு போடலையேங்க" என்றாள்.

போடலைதான்.