பழம்பெட்ரோல் வதைப் படலம்

கிழிந்தன யாவற்றையும் கிழியாதன போலாக்கும் கைவண்ணர், கத்தரிக்கோலை வாளாகவும் அளவு நாடாவை வாகைமாலையாகவும் தரித்த தையற்கலை வேந்தர் வாழ்க! மாடிப்படியில் சறுக்கி இடக்கால் முறிந்து, எட்டுத் திங்கள் பிளாஸ்டிக் நாற்காலியே அரியணையாய் வீற்றிருந்த அம்மாவீரர், ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டுப் போர்க்கோலம் பூண்ட நாளின் சிறப்பை உரைக்கப் புகுந்தோம், செவி சாய்ப்பீர்!

அன்று மாலை ஐந்து மணி ரயிலில் மகள் வருகிறாள். அப்பா விழுந்த சேதி கேட்டு, தேர்வுகளை விட்டு வரவும் முடியாமல், போனிலேயே தேம்பி அழுத மகள். அவள் கண்முன் தாமே காரோட்டிச் சென்று நிற்பதென்று வேந்தர் சூளுரைத்திருந்தார்.

“ஏங்க, ஒரு டாக்ஸியச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது,” என்றார் மனைவி.

“என் பொண்ண நான்தான் கூட்டிட்டு வருவேன்!” என்று முழங்கிய வேந்தர், ஷெட்டின் கதவைத் திறந்தார்.

அங்கே, தூசியைப் பொன்னாடையெனப் போர்த்தித் துயில்கொண்டிருந்தது நீலவண்ணக் கார். முதல்நாளே சார்ஜ் ஏற்றிய பேட்டரி வீரமாய் உறுமிற்று. எஞ்சினோ, கிழச்சிங்கம் போல் இருமுறை இருமிவிட்டு அடங்கிற்று. மூன்றுமுறை படையெடுத்தும் மூன்றுமுறையும் தோல்வி. வேந்தரின் நெற்றியில் வியர்வை முத்துகள் அரும்பின. நேரம் மூன்றரை.

“எட்டு மாசம் டேங்க்ல கிடந்த பெட்ரோலா? கெட்டுப் போயிருக்கும் சார். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. குழாய்ல வாய வச்சு உறிஞ்சி வெளிய எடுக்கவும் கூடாது. இதோ வந்துட்டேன்,” என்று போனில் அபயம் அளித்த மெக்கானிக், கைப்பம்பும் குழாயும் புதுப் பெட்ரோல் கேனும் ஏந்தி, துணைப்படைத் தளபதியென ஸ்கூட்டரில் வந்திறங்கினார்.

தொடங்கியது பெரும்போர்! குழாய் நாகமென நெளிந்து டேங்கின் இருட்குகைக்குள் நுழைய, வேந்தர் பம்பைப் பற்றி அமுக்கினார், அமுக்கினார், தோள்கள் இற்றுவிழும்வரை அமுக்கினார். ஆறிய தேநீரின் நிறத்தில், மெழுகாய்ப் பிசுபிசுத்து வெளிப்பட்டான் பழம்பெட்ரோல் எனும் பேரரக்கன்! அவனைச் சிறைப்பிடிக்கக் காலிக் கேனொன்றைத் தாங்கி நின்ற மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தி, “சாக்கடையில ஊத்திடாதீங்க,” என்று ஆணையிட, “ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போயிடறேன் அக்கா,” என்று பணிந்த தளபதி, அடைத்துக் கிடந்த ஃபில்டரைக் கழற்றிப் புதியது பூட்டி, புதுப் பெட்ரோலைப் பொழிந்தார்.

சாவி திரும்பிற்று. ஒரு விக்கல், ஒரு தும்மல், கார்மேகம் நாணும் கரும்புகை, பின்னர் எஞ்சின் இடியென முழங்கிற்று!

எனினும் இறுதிப்பகை எஞ்சியிருந்தது: கிளட்ச். எட்டு மாதம் எதையும் மிதித்தறியாத இடக்கால் நடுங்கியது. மனைவி ஜன்னலருகே குனிந்து, “வலிச்சா நிறுத்திடுங்க,” என்றார் மெல்ல. வேந்தர் பல்லைக் கடித்து மிதித்தார். மிதி அமிழ்ந்தது; கியர் விழுந்தது; கார் நகர்ந்தது.

சந்துகள் வழிவிட, சிக்னல்கள் பச்சைக்கொடி பிடிக்க, குப்பை லாரியொன்றைப் புறங்கண்டு, பழம்பகை முடித்த பெருமிதத்துடன், எட்டுத் திங்கள் துயரையும் ஒருமணிநேரப் போரையும் வரிவிடாமல் மகளுக்குச் சொல்ல வீரவுரையை நெஞ்சுக்குள் கோத்தவாறே, ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் நிலையவாயிலை எய்தினார் வேந்தர்.

மகள் பையைப் பின்சீட்டில் போட்டு, “அப்பா” என்று அவர் தோளைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள்.