நரம்புக்கு ஒரு மெமோ

வலியை ஒழிக்க மனித குலம் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறது. மூலிகை, மாத்திரை, ஊசி, கத்தி. இவை எல்லாம் கைவிரித்த இடத்தில், ஒரு பதிவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மூன்று பேரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் சேர்ந்து வெற்றி கண்டார்கள். அந்த மூவரில் நானும் ஒருவன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் குழுவின் பெயர் 'ஊழியர் உடல்நலக் கோரிக்கைச் சரிபார்ப்புக் குழு'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் குணமாகிவிடும். தலைவர், எங்கள் சூப்பிரண்டு. உறுப்பினர், ஸ்டோர் கீப்பர். உறுப்பினரும் செயலாளரும் நான். நான்கு வருடத்தில் பத்தொன்பது நோய்கள் எங்கள் கதவைத் தட்டின. ஒன்றைக்கூட நாங்கள் உள்ளே விட்டதில்லை.

இருபதாவதாக வந்தது ஒரு முதுகுவலி. கொண்டுவந்தவர் முன்கவுண்ட்டர் எழுத்தர். வீட்டில் அவர் என் மனைவி.

மூன்று வருடத்துக்கு முன் மேல்தட்டிலிருந்து ஒரு கட்டு ஃபைலை இழுத்தபோது அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றே மாதத்தில் தசை ஆறிவிட்டது என்றார் டாக்டர். வலிக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. இப்போது அவள் கேட்டது இவ்வளவுதான்: அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். இரண்டு மாதம் அரைநாள் கவுண்ட்டர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழுநாள்.

"இது கிடைக்கலேன்னா வேலையை விட்டுடறேங்க" என்று வீட்டில் சொல்லியிருந்தாள். பதினான்கு வருடமாக அவள் உட்காரும் ஜன்னல் அது. பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தாலும் ஜனங்கள் அவள் வரிசையில்தான் நிற்பார்கள்.

ஒரு கணவனாக நான் உருகியிருக்கலாம். ஆனால் கொள்கைப் பிடிப்புள்ளவன் உருக மாட்டான். "முதல்ல ஸ்கேன் வரட்டும்" என்றேன், குழுவில் எல்லாருக்கும் முன்னால்.

வந்தது. 'குறிப்பிடும்படி எதுவும் இல்லை.'

"ஒண்ணும் இல்லையாம்மா! சந்தோஷமான விஷயம்தானே?" என்றார் சூப்பிரண்டு.

"சந்தோஷம்தான் சார். ஆனா வலிக்குதே."

"ரிப்போர்ட்ல இல்லையே."

"வலி முதுகுல இருக்கு சார்."

ஸ்டோர் கீப்பர் தொண்டையைக் கனைத்தார். "ரிஜிஸ்தர்ல இல்லாத பொருள் ஸ்டோர்ல இருக்க முடியாதும்மா. போன வருஷம் பதிவில்லாத ஒரு பீரோ இருந்துச்சு. அது மேல கால இடிச்சுக்கிட்டேன். நகமே பேந்துடுச்சு. ஆனா நான் நொண்டலையே!"

இந்த வீர வரலாறு குழுவை நெகிழ வைத்தது. 'மேற்படி வலி, ஸ்கேன் எடுத்த தேதியிலிருந்து முடிவுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். வழிமொழிந்தவன் நான்.

மறுநாள் காலை செருப்பு மாட்டக் குனிந்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தீர்மானத்தை மீறுகிற செயல்.

"ஒருமனதா முடிவு பண்ணியிருக்கோம்" என்று நினைவூட்டினேன்.

"அப்ப அந்தப் பேப்பரைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுங்க" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் தன் பிசியோதெரபிஸ்டைக் கூட்டிவந்தாள். சின்னப் பெண். ஆனால் குரலில் தயக்கமே இல்லை.

"காயம் ஆறினது உண்மை சார். வலி இருக்கறதும் உண்மை. நரம்பு ஒரு காவல்காரர் மாதிரி. அன்னைக்கு நிஜமாவே ஆபத்து வந்துச்சு, கத்தினார். ஆபத்து போயிடுச்சு, அவர் பயம் போகலை. இப்ப மேடம் குனிஞ்சாலே திருடன்னு கத்தறார். வலிக்குதுன்னா உள்ளே ஏதோ உடையுதுன்னு அர்த்தமில்ல. அதுக்காக வலி பொய்யும் இல்ல. தூக்கம் கெட்டா, கவலைப்பட்டா, யாருமே நம்பலேன்னா இன்னும் உரக்கக் கத்துவார். பயமில்லாம கொஞ்சம் கொஞ்சமா அசைய விட்டா மெல்ல அடங்குவார்."

இந்த நீண்ட விளக்கத்திலிருந்து அலுவலகத்துக்குத் தேவையானதை மட்டும் சூப்பிரண்டு பிரித்தெடுத்தார். "ஆக, தப்பு நரம்பு மேல."

"தப்புன்னு சொல்ல முடியாது சார்..."

"ஆபத்து இல்லாதப்ப ஆபத்துன்னு தகவல் அனுப்பறது ஒழுங்கீனம்மா. மெமோ கொடுத்துடலாம்."

எழுதும் பேறு எனக்குக் கிடைத்தது. பெறுநர்: நரம்பு மண்டலம். உரிய வழி: முதுகெலும்பு. நகல்: மூளை, தகவலுக்காக. ஏழு நாளில் விளக்கம் அளிக்கத் தவறினால் தக்க நடவடிக்கை. அதை என் கையாலேயே மனைவியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். தபால் நோட்டு தாழ்வான ஸ்டூலில் இருந்ததால் அவள் குனிந்துதான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் பதில் வந்தது. செயலாளர் என்ற முறையில் நானே உரக்கப் படித்தேன்.

'ஐயா, அன்று அலமாரியடியில் முதல் தகவல் கொடுத்தது நான். ஆபத்து தீர்ந்துவிட்டது என்று இன்றுவரை யாரும் எனக்குப் பக்குவமாகச் சொல்லவில்லை. பொய் சொல்கிறாய் என்று மட்டும் சொன்னார்கள். வீட்டில் ஒருவர் இருக்கிறார். இந்த அம்மா முகம் சுளித்தால் போதும், "டாக்டர்தான் ஒண்ணும் இல்லைன்னுட்டாரே, அப்புறம் என்ன?" என்பார். உடனே அம்மாவின் தோள் இறுகும், மூச்சு முட்டும். அதை நான் புதிய ஆபத்து என்று பதிவுசெய்து காவலைக் கூட்டுகிறேன். அவர் கொஞ்சம் சும்மா இருந்தால் எனக்கும் வேலை குறையும். நானும் களைத்திருக்கிறேன். இப்படிக்கு, நரம்பு.'

ஸ்டோர் கீப்பர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். சூப்பிரண்டு மட்டும் கடமை தவறவில்லை.

"வீட்டில் ஒருவர்னா யாரு? பேரில்லாம மொட்டையா இருக்கே."

"விட்டுடலாம் சார். குடும்ப விஷயம்..." என்றேன்.

"எப்படிங்க விடறது? மூணு வருஷமா ஒரு ஆள் எதிர்வேலை பண்ணியிருக்கார். நீங்களே விசாரணை அதிகாரியா இருங்க. அந்த வீடு உங்களுக்குப் பழக்கம்தானே?"

அன்று மாலை நோட்டும் பேனாவுமாக என் மனைவி முன் நின்றேன். துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க குறிப்பிட்ட நபர்... அதைக் கெட்ட எண்ணத்தோட சொல்றாரா?"

வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு யோசித்தாள். "இல்ல சார். பயத்துல சொல்றார். எனக்குப் பெரிசா ஏதாவது இருந்துடுமோன்னு பயம். இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தா இல்லாமப் போயிடும்னு நினைப்பு. பாவம், அவர் நரம்பும் கத்துது."

"அவர் மேல கோபமா?"

"வலிக்குதுங்க" என்றாள். 'சார்' காணாமல் போயிருந்தது.

எழுதிக்கொள்ள முடியவில்லை. வாளியிலிருந்த ஈரப் போர்வையை எடுத்து நானே கொடியில் போட்டேன். அவள் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அறிக்கையை மறுநாள் சமர்ப்பித்தேன். அவள் கேட்ட ஐந்து நிமிடமும் அரைநாளும் அப்படியே பரிந்துரை. எங்கள் குழு தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு நோயைக் கண்டுபிடித்திருந்தது, அதுவும் குழுவுக்குள்ளேயே. 'குற்றம் புரிந்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். 'எவ்வளவு காலம், எந்த அளவில்' என்று படிவத்தின் அடுத்த கட்டம் கேட்டது. உள்ளதை எழுதினேன்:

மூன்று வருடம். தினமும் இருவேளை, சாப்பாட்டுக்குப் பின்.