ஆடு வளர்த்த ரயில் துரை

வெளிநாட்டு அம்மாள் பத்து மணிக்கு வந்துவிடுவார். அவர் தேடி வரும் கல்லறைக் கல்லின் மேல் காவலாளியின் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாளின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரர் ஆட்சியில் ரயில் பாதை போட்ட என்ஜினீயர். வம்சத்தைத் தேடி வருகிறார், கல்லறையைக் காட்டு என்று மேலிடத்து உத்தரவு. பதிவேட்டைக் கரையான் தின்று ஏப்பம் விட்டிருந்தது. கடிதத்தில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத் துரைமார் கல்லறை முழுவதும் அலைந்தார் காவலாளி. எந்தக் கல்லிலும் அந்தப் பெயர் இல்லை. பாக்கி இருந்தது, பதினோரு வருடங்களுக்கு முன் அவர் கொல்லைக்குப் புரட்டி வந்த கல் ஒன்றுதான்.

"எழுத்தெல்லாம் முதல் வருஷமே போர்வை துவைச்சதுல தேஞ்சு போயிடுச்சுங்க" என்றாள் மனைவி, கை ஓயாமல்.

வேலைக்கே வேட்டு என்று காவலாளி மறுபடி கல்லறைக்குள் ஓடினார். மூலையில் பெயர்ப் பகுதி உடைந்துபோன சின்னக் கல் ஒன்று இருந்தது. மிச்ச எழுத்தின் மேல் சேற்றை அப்பிவிட்டு, அதுதான் துரை என்று முடிவு செய்தார்.

அம்மாள் டிரைவரோடு வந்தார். வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கல்லைக் கழுவிவிட்டார். செதுக்கிய ஒரு ஆட்டுக்குட்டியும் அதன் கீழே 4 என்ற எண்ணும் தெரிந்தன. அம்மாள் ஏதோ கேட்டார்.

"நாலு வயசுல எப்படி ரயில் பாதை போட்டார்னு கேக்கறாங்க" என்றார் டிரைவர்.

"எழுபத்தி நாலு, தம்பி. ஏழு உடைஞ்சு போச்சு."

டிரைவர் திரும்பி ஏதோ சொன்னார். அம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்து, ஆடு எதற்கு என்று கேட்பதாகச் சொன்னார் டிரைவர். துரைக்கு ஆடு என்றால் உயிர், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார் என்று காவலாளியின் வாய் முந்திக்கொண்டது.

அம்மாள் மண்டியிட்டுக் கல்லைத் தடவியபடி அழுதார். துரையைக் கல்நெஞ்சர் என்றே குடும்பம் நினைத்திருந்ததாம் என்று டிரைவர் சொன்னார். இப்போதுதான் மனசு ஆறியதாம். பிறகு பையிலிருந்து ஒரு குடும்பப் படத்தை எடுத்துக் காட்டினார். அடுத்த வருடம் அத்தனை பேரையும் அழைத்து வந்து, புதுக் கல் நாட்டி, அதில் ஒரு மந்தையையே செதுக்கப் போகிறார்களாம்.

காவலாளிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. டிரைவரை மரத்தடிக்கு இழுத்துப்போய், துவைக்கிற கல் முதல் ஆட்டு மந்தை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"வேலை போனாப் போகட்டும் தம்பி. அந்தம்மா அழறதைப் பார்க்க முடியலை. உண்மையை அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

டிரைவர் அம்மாள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிண்ணே சொல்றது? எனக்கு அவங்க பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாதே."