குப்பி கழுவும் குழாய்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தவங்க காதில் பாதிதான் விழும். மீதியைச் சொந்தமாகச் சேர்த்து ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவாங்க. இது காபியில் ஊற்றுகிற வாசனைப் பாகைப் பற்றின கதை. நடுவில் சர்க்கார் வந்துவிட்டதால் தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தால் நொச்சிமேடு. முப்பத்தாறு வீடு. குடிதண்ணீர் வேண்டுமென்றால் சரிவில் இறங்கி ஊற்றுக்குப் போகவேண்டும். இறங்கும்போது குடம் காலியாக இருக்கும், ஏறும்போது நிறைந்திருக்கும். இதை மாற்றி அமைக்க இதுவரை எந்த அதிகாரியாலும் முடியவில்லை.

அந்த ஊரில் பாப்பாத்தி என்று ஒருத்தி. மரவள்ளி பிடுங்கவும் புளி உலுக்கவும் கூலிக்குப் போகிறவள். ஒரு நாளைக்கு ஆறு நடை ஊற்றுக்குப் போவாள். தன் வீட்டுக்கு நாலு, முட்டி தேய்ந்துபோன பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளுக்கு ரெண்டு. ஊருக்கு ஒரே ஒரு குழாய் கேட்டு ஏழு வருஷமாகக் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாள். ஆறு மனு கொடுத்தாள். ஆறுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பதில் வந்த காகிதத்தை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். அந்த வகையில் சர்க்காரால் அவளுக்குப் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஏழாவது மனுவோடு அவள் போய் நின்ற திங்கட்கிழமை, டோக்கன் மேசையில் இருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"தண்ணிப் பிரிவுல டோக்கன் தீந்துபோச்சும்மா."

"அடுத்த வாரம் வரட்டுங்களா?"

"அடுத்த வாரத்துதும் தீந்துபோச்சு." பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "பானப் பிரிவு காலியா கெடக்குது. தண்ணியும் குடிக்கிறதுதான? அங்க போ."

அங்கே கதவில் பெரிய பலகை தொங்கியது: 'இல்லத்துப் பானங்களுக்கு நறுமணமூட்டும் சிறப்புத் திட்டப் பிரிவு'. அதற்கு அதிகாரி பகலவன் என்று ஒருவர். நல்ல மனுஷன். கெட்ட நேரம், பாவம்.

அந்தப் பிரிவு உண்டான வரலாறு இது. பகலவன் சம்சாரம் மலர்விழி, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வீட்டில் வரிசையாகப் பாகுக் குப்பி வாங்கி அடுக்கிவிட்டாள். அந்த வருஷம் கள்ளக்குறிச்சியில் கௌரவம் என்றால் அதுதான். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அலமாரியைப் பார்த்தார்கள். முதலில் டம்ளரில் ஒரு கரண்டி பாகு, அதன்மேல் டிகாஷன், கடைசியில் பால். இந்த வரிசை தப்பினால் மலர்விழி திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பகலவன் தினமும் வெண்ணிலாக் காபியைக் குடித்து, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு டீ அடித்து வாயைச் சரிபண்ணிக்கொள்வார்.

ஒரு நாள் மேலதிகாரிகள் கூட்டத்தில் அவரை எழுப்பி, "புதுசா ஒரு யோசனை சொல்லுங்க" என்றார்கள். அவரிடம் யோசனை ஏதும் இல்லை. நாக்கில் காலைக் காபியின் பிசுபிசுப்புதான் இருந்தது. அதைச் சொன்னார். யாரோ அதை எழுதிக்கொண்டார்கள். எழுதினதை அழிக்க சர்க்காரில் ரப்பர் கிடையாது.

பாப்பாத்தியை மூன்று மணி நேரம் வெராண்டாவில் உட்காரவைத்து, கையில் ஒரு கையேட்டையும் கொடுத்து, பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, உங்க வூட்ல காபி போடுவீங்களா?" என்றார் பகலவன்.

"போடுவோம் சார். வரக்காபி."

"அதுல இன்னா வாசனை வரும்?"

"காபி வாசனை வரும்."

பகலவன் முகம் வாடிவிட்டது. 'நறுமணக் குறைபாடு' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"சார், எங்க ஊருக்குக் குழாய் வேணும்."

"குழாய்க்கு எங்கிட்ட வழியில்லம்மா. பாகுதான் இருக்கு. வூட்டுக்கு மூணு குப்பி. வெண்ணிலா, கேரமல், அப்புறம் ஹேசல்நட்டுன்னு ஒரு சீமைக் கொட்டை."

"அப்ப காபி போடத் தண்ணி?"

அவர் கையேட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் படித்தார். "'பயனாளியின் இல்லத்தில் தண்ணீர் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.'"

"யாரு சார் அப்படிக் கொண்டது?"

"மேல இருக்கறவங்க."

"மேல இருக்கறது நாங்கதான் சார். அங்க இல்லியே."

பகலவன் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் ஜீப்பில் பாதி தூரமும் தலைச்சுமையில் மீதி தூரமுமாக நூற்றெட்டுக் குப்பி நொச்சிமேட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தலையில் அமுக்கினால் துப்புகிற ஒரு மூக்கு. மக்கள் திட்டத்தை உளமார வரவேற்றார்கள். ஒருத்தி கேழ்வரகுக் களியில் கேரமல் ஊற்றினாள். ஒருத்தர் இருமலுக்கு வெண்ணிலாவை நெஞ்சில் தடவிக்கொண்டார். காபியில் ஊற்றினவர்களும் உண்டு. அவர்கள் அடுத்த நாள் ஊற்றவில்லை. மூன்று மலையிலிருந்து எறும்பு திரண்டு வந்தது. அதுகளுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பாப்பாத்தி மறுபடியும் பகலவன் முன்னால் நின்றாள்.

"இன்னாம்மா, பாகு புடிச்சிருக்கா?"

"அது இருக்கட்டும் சார். விதி பதினொண்ணு படிச்சீங்களா?"

"எதுல?"

"உங்க கையேட்டுல." எழுத்துக் கூட்டிப் படித்தாள். "'பாகு எடுத்தபின் குப்பியின் மூக்கினை ஓடும் நீரில் இரண்டு நிமிடம் கழுவுதல் கட்டாயம். தவறினால் எறும்பு, பூஞ்சை முதலியன தோன்றும். தோன்றினால் திட்டம் தோல்வியுற்றதாகக் கருதப்படும்.' தோணிடுச்சி சார். எங்க ஊர்ல ஓடுறது எறும்புதான்."

பகலவன் குரல் இறங்கிவிட்டது. "நீ இத முழுசாவாம்மா படிச்ச?"

"மூணு மணி நேரம் வெராண்டாவுல குந்த வெச்சீங்களே. வேற இன்னா சார் பண்றது?"

"நானே இன்னும் படிக்கலம்மா," என்றார் பகலவன்.

அடுத்த மாசம் திட்டத்தின் இயக்குநர் அனிட்டா நேரில் பார்வையிட வருவதாக இருந்தது. மனிதருக்குத் தண்ணீர் இல்லையென்றால் அது கோரிக்கை. குப்பிக்குத் தண்ணீர் இல்லையென்றால் அது விதிமீறல். ஏழு வருஷமாக நகராத வேலை இருபத்தொரு நாளில் முடிந்தது. போர் போட்டார்கள், தொட்டி கட்டினார்கள், ஊர்முனையில் ஒரு குழாயை நட்டார்கள். பக்கத்தில் பலகை: 'வாசனைப் பாகுக் குப்பி கழுவும் குழாய். மனிதர் பயன்பாட்டுக்கு அன்று.'

காவலுக்கு உள்ளூர் ஆளையே போட்டார்கள். சடையன், பாப்பாத்திக்குக் கொழுந்தன், கொளஞ்சியம்மாளுக்கு மருமகன். நேற்றுவரை ஆடு மேய்த்தவன். கழுத்தில் ஒரு விசில் தொங்கினதும் அவன் நடையே மாறிப்போச்சு.

"குப்பிக்கு ரெண்டு நிமிஷம். வரிசையில வாங்க," என்றான்.

கழுவின தண்ணீர் எங்கே விழவேண்டும் என்று விதியில் இல்லை. பாப்பாத்தி குழாய்க்குக் கீழே குப்பியைப் பிடித்தாள், குப்பிக்குக் கீழே குடத்தை வைத்தாள். பின்னால் நின்றவர்களும் அப்படியே செய்தார்கள். மூணு குப்பிக்கு ஆறு நிமிஷம், ஆறு நிமிஷத்துக்கு ரெண்டு குடம். மத்தியானம் ரசத்தில் லேசாக வெண்ணிலா வாசனை அடித்தது. அதுக்காக யாரும் மனு கொடுக்கவில்லை.

பாகு தீரத் தீரத்தான் சிக்கல். முதலில் தீர்ந்தது கொளஞ்சியம்மாளுடையது. ஆடு குடித்துவிட்டது. அவள் கம்பை ஊன்றி, தாங்கித் தாங்கி நடந்து, காலிக் குப்பியும் குடமுமாக வரிசையில் நின்றாள்.

"காலிக் குப்பியக் கழுவ விதியில எடமில்ல," என்றான் சடையன்.

"டேய், நான் உன் மாமியாருடா."

"மாமியார் வேற, குழாய் வேற."

"என் பொண்ண உனக்குக் குடுத்தப்ப எந்த விதிய பாத்தேன்னு தெரியல," என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சியம்மாள் காலிக் குடத்தோடு திரும்பினாள்.

ஒரு வாரத்தில் பாதி ஊர்க் குப்பி காலி. அனிட்டா வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும்; தீர்ந்தால் குழாய்க்குப் பூட்டு. பழையபடி சரிவு, ஊற்று, ஆறு நடை. பாப்பாத்தி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வெல்லத்தை இடித்து, அதே அளவு தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். நன்னாரி வேரும் சுக்கும் தட்டிப் போட்டாள். கொதித்து விரலில் ஒட்டுகிற பக்குவத்தில் இறக்கி, வடிகட்டி, ஆறவைத்து, குப்பியில் ஊற்றி மூக்கைத் திருகினாள்.

சடையன் குப்பியை வாங்கி மோந்து பார்த்தான். "இது ஹேசல்நட்டு இல்ல அண்ணி."

"ஹேசல்நட்டு எப்படி இருக்கும், நீ சொல்லு."

சடையன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். "கறுப்பா இருக்கும்."

"இது இன்னா வெள்ளையாவா கீது?"

அவன் விசிலை ஊதிக் குழாயைத் திறந்தான். மறுநாள் முப்பத்தாறு வீட்டிலும் ஹேசல்நட்டு கொதித்தது. கொளஞ்சியம்மாளுக்கு ரெண்டு குப்பி பாப்பாத்தியே நிரப்பிக் கொடுத்தாள். ஆனால் குழாய் ஊர்முனையில், அவள் வீடு ஊர்க் கடைசியில். முட்டி பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அவளுக்குக் குடம் சுமக்கிற வேலை பாப்பாத்தி தலையைவிட்டு இறங்கவில்லை.

அனிட்டா மேடம் வந்தார்கள். பின்னால் பகலவன், சட்டையெல்லாம் வேர்வை. பாப்பாத்தி டம்ளரில் பாகை முதலில் ஊற்றி, சூடாக வரக்காபியை அதன்மேல் ஊற்றிக் கொடுத்தாள். மேடம் ஒரு வாய் குடித்தார்கள். கண்ணை மூடினார்கள். பகலவனும் மூடிக்கொண்டார், அவர் பயத்தில் மூடினார்.

"இதுதான் அசல் ஹேசல்நட்டு," என்றார்கள் மேடம். "நம்ம ஆபீஸ்ல வெச்சிருக்கறதெல்லாம் போலி. நீங்க குடிச்சுப் பாருங்க பகலவன்."

பகலவன் குடித்தார். பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வராமல் அவர் குடித்து முடித்த முதல் வாசனைக் காபி அதுதான்.

"இது இங்கயே வெளையுதாம்மா?" என்று மேடம் கேட்டார்கள்.

"ஆமாங்க. அதுல இருக்கறது எல்லாம் நம்ம பக்கம் வெளைஞ்சதுதான்," என்றாள் பாப்பாத்தி. அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

அவ்வளவுதான். சீமைச் சரக்கு என்று இதுவரை தவறாகக் கருதப்பட்டுவந்த ஹேசல்நட்டு கல்வராயன் மலைக்கே உரியது என்று அறிக்கை போய்விட்டது. மலர்விழி பழைய குப்பியெல்லாம் எடுத்துப் பரணில் போட்டுவிட்டு 'மலை ஹேசல்நட்டு' வாங்கி அடுக்கினாள். எங்க தாத்தா காலத்திலேயே இதைத்தான் குடிச்சோம் என்று சின்னசேலத்தில் ரெண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தர் புத்தகம் எழுத ஆரம்பித்துவிட்டார். சிரிக்கிறீங்க. உங்க வீட்டு அலமாரியிலும் ஒரு குப்பி நிக்குது. போன வாரம் சம்பந்தி வந்தப்போ அதை முன்னால நகர்த்தி வெச்சீங்க.

கடைசியில் மேலிருந்து ஓர் ஆணை வந்தது. 'மேற்படி ஹேசல்நட்டின் தாய்மரத்தைக் கண்டறிந்து, எண்ணிட்டு, வேலியிட்டு, தனிக் குழாய் அமைத்து நாள்தோறும் நீர் வார்த்துப் பாதுகாக்க வேண்டியது.' பகலவன் டேப்பும் பெயிண்டும் எடுத்துக்கொண்டு மலை ஏறி வந்தார். சடையன் விசிலோடு முன்னால் நடந்தான்.

"மரம் எங்கம்மா?" என்றார் பகலவன்.

பாப்பாத்தி சுற்றிலும் பார்த்தாள். பலா நின்றது, புளி நின்றது, கடுக்காய் நின்றது. அவள் மரங்களைப் பார்க்கவில்லை. எந்த மரம் எந்த வீட்டுக்கிட்ட நிற்கிறது என்று பார்த்தாள். அப்புறம் நேராக நடந்து ஊர்க் கடைசிக்குப் போய், கொளஞ்சியம்மாள் வாசலுக்கு ரெண்டடி தள்ளி நின்ற மரத்தின்மேல் கையை வைத்தாள்.

"இதுதான் சார்."

பகலவன் இலையைக் கிள்ளிப் பார்த்தார். "புங்கமரம் மாதிரி இருக்கேம்மா."

"பாத்தா அப்படித்தான் சார் இருக்கும்."

பகலவன் மரத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஆணையைப் பார்த்தார். ஆணையில் முத்திரை இருந்தது, மரத்தில் இல்லை. சடையன் பெயிண்டைத் தொட்டு மரத்தில் ஒன்று என்று எழுதி, அதற்கு ஒரு விசில் ஊதினான். கொளஞ்சியம்மாள் வாசற்படியிலிருந்து என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பாப்பாத்தி அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி வேணும் இதுக்கு?" என்று கேட்டு, பகலவன் பேனாவைத் திறந்தார்.

"காலையில பத்துக் குடம், சாயந்திரம் பத்துக் குடம் சார். ஆனா குழாயில நேரா உடக்கூடாது, வேரு தாங்காது. குடத்துல புடிச்சி, வூட்டுக்குள்ள வெச்சி ஆறவிட்டுத்தான் ஊத்தணும்."

அவர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிப்பதற்குள் பாப்பாத்தி, கொளஞ்சியம்மாள் கதவோரம் கவிழ்ந்து கிடந்த குடத்தை எடுத்துவந்து, குழாய் எந்த இடத்தில் வரவேண்டுமோ அந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தாள்.