ஒட்டகச்சிவிங்கி வயிற்றுக்குள் ஓர் ஆசனம்

இந்த வருஷ ஊர்வலத்தில் உச்சாணியில் உட்கார்ந்து கையாட்டப் போவது தான்தான் என்று மெத்தைக்கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். அதற்கேற்ப அலங்கார ஊர்தியையும் கட்டிவிட்டார்.

ஊர்வலம் முடிந்ததும் குப்பைக்குப் போகிற ரகமா அது? இரும்புச் சட்டம் அப்படியே இருக்கும். துணித்தோலை மட்டும் மாற்றினால் போதும். இந்த வருஷம் ஒட்டகச்சிவிங்கி. அடுத்த வருஷம் அன்னம். அப்புறம் டைனோசர். கழுத்து மட்டும் ஆயுளுக்கும் ஒன்றேதான்!

"கழுத்து நீளம், உள்ள வெறும் காத்து. யாரைப் பாத்து வரைஞ்சீங்கன்னு கேக்கவே வேணாம்" என்றாள் மனைவி.

ஒரே ஒரு சிக்கல். கடைத்தெருவில் மின்கம்பி தாழ்வாகத் தொங்கும். அங்கே கழுத்து குனிய வேண்டும். குனிய வைக்கிற கைப்பிடியோ வயிற்றுக்குள் இருக்கிறது. உள்ளே இருட்டு, புழுக்கம், பெயின்ட் நாற்றம். உட்காருகிற ஆளின் மூக்குகூட வெளியே தெரியாது.

"உள்ள யாருங்க?"

"வேற யாரு, நீதான். நம்பிக்கையான ஆள் வேணும்ல?"

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'விலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. சட்டத்தை அடித்துக் கொடுத்த வெல்டரே தன் வேனில் கட்டி இழுத்தார். மேலே சிம்மாசனத்தில் இவர். உள்ளே அவள். கம்பி நெருங்கியது.

"சுத்து!"

"எந்தப் பக்கங்க?"

"வலப்பக்கம்!"

"என் வலமா, உங்க வலமா?"

"எல்லாருக்கும் ஒரே வலம்தான்டி!"

கிரீச்! கழுத்து இன்னும் மேலே போனது. கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா எழுந்து பறந்தது. இவருக்குப் பறக்க வழியில்லை.

"நிறுத்துய்யா வண்டியை!"

வேன் குலுங்கி நின்றது. கம்பிக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு சாண்.

விறுவிறுவென்று இறங்கி, வயிற்றுத் துணியை விலக்கினார். அவள் முகத்தில் பால் வடிந்தது.

"எனக்கு அவ்வளவு மூளை பத்தலைங்க. நாளைக்கு மேல உக்காந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"வாயை மூடு! வெளிய வா. நானே சுத்தித் தொலைக்கிறேன்."

"அப்ப மேல? காலியா விட்டா நல்லாவா இருக்கும்?"

"நீயே உக்காரு, போ!"

மறுநாள் கடைத்தெருவே கைதட்டியது. "அக்கா, இந்தப் பக்கம் பாருங்க!" என்று கூச்சல். அவள் கையாட்டினாள். இவர் வியர்வையில் ஊறிக் கைப்பிடியைச் சுற்றினார். கழுத்து வெண்ணெய் மாதிரி குனிந்தது.

அப்போதுதான் உறைத்தது. மனைவியின் குட்டைக் காலுக்கு அளந்து வைக்கும்படி அவர் வெல்டரிடம் சொன்ன ஆசனம். தன் நெட்டைக் கால் எங்கேயும் இடிக்கவில்லையே!

வேன் நின்றதும் துணியிலிருந்த ஓட்டை வழியே வெல்டரைக் கேட்டார்: "ஏம்பா, இந்த சீட்டை யாரு மாத்துனது?"

"அண்ணிதான்ணே. போன வாரமே உங்க பேன்ட்டைக் கொண்டுவந்து அளவு குடுத்தாங்க. வருஷா வருஷம் உக்காரப் போறவராச்சே, வசதியா இருக்கட்டும்னாங்க."