ஞாயிற்றுக்கிழமைச் சிமென்ட்

"அந்த பைக்கை விட்டுடாதீங்க அண்ணா! ஆனா ரொம்பக் கிட்டயும் போகாதீங்க!"

ஆட்டோவின் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி தீபா கத்தினாள்.

"இன்னாம்மா, கிட்டயும் போவக்கூடாது, வுடவும் கூடாதுன்னா எப்டி?" என்றார் ஆட்டோக்காரர் தசரதன். "யாரும்மா அது, திருடனா?"

"என் புருஷன்."

தசரதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆட்டோவை முறுக்கினார். இப்போது அவருக்கும் தெரிந்தாக வேண்டும்.

கீழ்க்கட்டளையில் கிளம்பிய பைக் பல்லாவரத்தைத் தாண்டி, பம்மலையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சிறுசேரி ஆபீஸில் அவசர மீட்டிங் என்று சொல்லிவிட்டுத்தான் ஷ்யாம்சுந்தர் கிளம்பியிருந்தான். சிறுசேரி எந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்தது?

சில வாரமாகவே இந்த ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். ஒவ்வொரு முறையும் சட்டையில் சிமென்ட். நேற்று ஷ்யாம் இருந்த பாத்ரூமுக்குள்ளிருந்து, போன் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்: "சார், இந்த ஞாயித்துக்கெழமையும் வருவீங்களா?"

"கண்டிப்பா வருவேன் செல்லம்மா!"

ஐ.டி. கம்பெனி மீட்டிங்கில் செல்லம்மாவுக்கு என்ன வேலை? இரவெல்லாம் தீபாவின் மண்டைக்குள் அந்தக் கேள்விதான் குடைந்தது.

அனகாபுத்தூரில் ஆற்றோரச் சந்து ஒன்றில் பைக் நுழைந்தது. ஆட்டோ நுழையாது. தீபா இறங்கி நடந்தாள். டிசம்பர் வெள்ளம் வந்துபோன அடையாளம் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் உயரத்துக்குக் கறையாக நின்றது. சந்தின் கடைசியில் வீடே இல்லை. செங்கல் குவியல், முழங்கால் உயரத்துக்கு ஒரு புதுச் சுவர், நீலத் தார்ப்பாய். அவ்வளவுதான்.

ஷ்யாம் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஒரு பெண் ஓடிவந்தாள். நேற்று ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல்.

"வாங்க சார், மொதல்ல குந்துங்க." பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்தாள். "டீ குடிங்க. அப்பறம் பஜ்ஜி கீது. எதுக்கு எழுந்துக்கிறீங்க? குந்துங்க சார்!"

செங்கல் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த தீபாவுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் இரண்டாவது டீ கேட்டால் அவளே முறைப்பாள். இங்கே பஜ்ஜியாம்!

"வாலன்டியரா அக்கா?"

தூக்கிவாரிப்போட்டது. ஆரஞ்சுச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒருவன் நின்றான். பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஃபயாஸ். வெள்ளத்தில் இடிந்த வீடுகளைச் சரிசெய்து தரும் குழுவை அவன்தான் நடத்துகிறான் என்பதை அவனே ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

"ஆ... ஆமா. வாலன்டியர்தான்."

"பேரு?"

சட்டென்று வாயில் வந்தது மாமியார் பெயர்தான். "கனகவல்லி."

"இந்தத் தெருவுல மத்த வீடெல்லாம் முடிஞ்சிடுச்சுக்கா. செல்லம்மா அக்கா வூடு மட்டும்தான் இழுக்குது. ஷ்யாம் சாரை வேற வீட்டுக்கு அனுப்பலாம்னு எவ்ளோவோ பார்த்தேன். இதை விட்டு நகரவே மாட்டேங்கறாரு."

நகரமாட்டேங்கறாரா! தீபாவுக்குக் காது சூடானது. எப்படியாவது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போயாக வேண்டும்.

"நான் அந்த வீட்டுலயே வேலை செய்யறேன்."

"பூச்சு வேலை தெரியுமாக்கா?"

தீபா வீட்டில் கேக் செய்து விற்பவள். கிரீம் பூசுகிற கைக்குச் சிமென்ட் பூச வராதா என்ன? "நல்லாவே தெரியும்."

தப்பு. ஃபயாஸ் விசிலை எடுத்து ஊதினான்.

"எல்லாரும் வாங்கப்பா! கனகவல்லி அக்கா பூச்சு போட்டுக் காட்டப் போறாங்க!"

சுற்றிலும் கூட்டம் கூடியது. முதல் ஆளாக வந்து சுவரோரம் நின்றவன் ஷ்யாம்சுந்தர். "அட, எங்க அம்மா பேரு!" என்று வேறு பல்லைக் காட்டினான்.

தீபா துப்பட்டாவைக் கண்வரை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். கையில் கொத்தனார் கரண்டியைத் திணித்தார்கள். கலவையை அள்ளி, பிறந்தநாள் கேக்கில் பூசுகிற மாதிரி நாசூக்காகத் தடவினாள். அது நாசூக்காக வழிந்து அவள் செருப்பில் இறங்கியது.

"தடவக் கூடாதுக்கா," என்றான் ஃபயாஸ். "ஓங்கி அடிக்கணும்."

ஓங்கி அடித்தாள். சுவர் தப்பித்தது. ஷ்யாமின் கண்ணாடி, மூக்கு, பல் எல்லாம் ஒரே பூச்சு. அடித்த வேகத்தில் துப்பட்டாவும் நழுவியது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவன் அப்படியே நின்றான்.

"தீபா?"

"சிறுசேரி மீட்டிங் எப்படிப் போகுது?"

கூட்டம் நைசாக நாலடி பின்வாங்கியது. யாரும் போய்விடவில்லை.

"சொன்னா நீ விடமாட்டியே," என்று இழுத்தான் ஷ்யாம். "வீட்டுல ஃபேன் துடைக்கச் சொன்னப்போ, தூசி ஆகாது, வீசிங் வரும்னு சொல்லிட்டேன்..."

"சிமென்ட் தூசி மட்டும் ஆகுமா?"

"அது சேவைடி."

"தெருவுல வேற வீடே இல்லையா? ஏன் இந்த வீட்டையே சுத்திச் சுத்தி வர்றீங்க?"

அவன் குவியலைக் கைகாட்டினான். "பாரு தீபா. இதை இப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வருமா? முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

தீபா பார்த்தாள். நொறுங்கிய செங்கல். தார்ப்பாய்க்கு அடியில் நனைந்த பீரோ. ஓரமாக, கையில் டீ டம்ளரோடு திகைத்து நிற்கும் செல்லம்மா. இந்தப் பெண்ணையா சந்தேகப்பட்டோம்? இந்த மனுஷனையா? ஓடிப்போய் செல்லம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க செல்லம்மா! நான் என்னென்னவோ நெனச்சிட்டேன். இவருக்கு இவ்வளவு பெரிய மனசுன்னு எனக்கே தெரியாது. இனிமே ஒவ்வொரு வாரமும் நானே கூட்டிட்டு வர்றேன். லீவு போட்டுட்டு நடுவுலயும் வரச் சொல்றேன்!"

செல்லம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஃபயாஸைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். அவள் தீபாவின் கையைப் பிடித்துத் தார்ப்பாய்க்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினாள்.

"யம்மா, உங்களுக்குப் புண்ணியமா போவும், சாரை இட்டுகினு போயிடுங்க. வெள்ளத்துல போனது பின்னாடி செவுரு ஒண்ணுதாம்மா. மத்த மூணும் சாரு கை வச்சதுல போனது!"